ஒரு விசுவாசப்பிரமாணம் நீளமான திரி

பள்ளிமுனை எட்வேட்டுக்கு இடது பக்கத்துப் புருவம் கிடையாது. இடது காதும் அரைக் காதுதான், பாதிச் சத்தம்தான் கேட்கும். இரண்டையும் பிடுங்கிக்கொண்டது கடலும் இல்லை, சண்டையும் இல்லை. ஊர்க் கோயில் லூசியா அம்மாவின் பெருநாள்தான். கோயில் பெருநாளுக்கு வாணம் கட்டுகிறதும் கொளுத்துகிறதும் கலியாணத்துக்கு முந்தின காலம் தொட்டு அவருடைய வேலை. மற்ற நாளில் கடலுக்குப் போவார், வலை பொத்துவார், சும்மாவும் இருப்பார். மார்கழி நெருங்கிவிட்டால் மனுசனைப் பிடிக்க ஏலாது. கைநிறைய வெடிமருந்து, வாய்நிறையப் பெருமை.

அவருடைய திரிக்கு அளவு அடியிலும் இல்லை, அங்குலத்திலும் இல்லை. ஒரு விசுவாசப்பிரமாணம்! புருவம் போன வருசத்துக்குப் பிறகு அவராகக் கண்டுபிடித்த முறை அது. திரியில் நெருப்பு வைத்துவிட்டு, கடவுள் உலகம் படைத்ததில் தொடங்கி யேசு உயிர்த்தெழுந்ததும் தாண்டிப் போகிற அந்தச் செபத்தைத் தொடங்கவேண்டும். பிலாத்துவின் பேர் வருகிற இடத்தில் பாதித் திரி எரிந்திருக்கும். ஆமென் சொல்ல வாணம் கிளம்பும். அதற்குள் ஓடித் தப்பிவிடலாம். "அவசரக்காரன் சொன்னால் என்ன செய்யிறது?" என்று யாராவது கேட்டால், "செபத்தை அவசரப்பட்டுச் சொல்லுறவனுக்கு ஒரு புருவம் போனால் பரவாயில்லை" என்பார். ஊரும் பழகிவிட்டது. எட்வேட் குனிந்து திரியில் கை வைத்தால் முற்றத்தில் நிற்கிற சனம் முழுக்க ஒரே குரலில் தொடங்கும். சுவாமியார் பூசையில் கெஞ்சிக் கேட்டாலும் அந்தச் சத்தம் வராது.

கடைசி வாணம் எப்போதும் பச்சை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாம் போய் முடிந்து, ஒன்றே ஒன்று பச்சையாய்ப் போய் விரியும். ஏன் பச்சை என்று கேட்டால் மனுசன் வாய் திறக்கமாட்டார், மீசைக்குள் சிரிப்பார்.

அவருடைய மனைவி திரேசம்மா சனத்துக்குள் நிற்கமாட்டா. கோயில் சுவரோரமாய், செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி தனியாக நிற்பா. லூசியா அம்மா கண்ணுக்குக் காவல் என்பது ஊரறிந்தது. திரேசம்மா கேட்கிறதும் அதுதான்: "தாயே, அந்த மனுசன்ரை கண் ரெண்டையும் விட்டுவை. புருவத்தைப் பற்றி நான் கதைக்கமாட்டன்."

போன பெருநாளில் ஒரு வாணம் மேலே போகாமல் பக்கவாட்டில் போய், எட்வேட்டின் சட்டைக்குள் நுழைந்து முதுகால் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு திரேசம்மா ஒரு தரம்தான் சொன்னா. "இஞ்சேருங்கோ, இனி நீங்கள் வெடிமருந்தைத் தொட்டால் நான் வெள்ளாங்குளத்தில பிள்ளையோடை போய் இருந்திடுவன். திரும்பி வரமாட்டன்." வெள்ளாங்குளத்தில் மகள் றஞ்சிதா கலியாணம் கட்டி இருக்கிறா. திரேசம்மா கத்திச் சொல்லியிருந்தால் எட்வேட் கவலைப்பட்டிருக்கமாட்டார். மெல்லமாகச் சொன்னபடியால் பயந்துபோனார்.

"சும்மா இருந்தால் கை அரிக்குமே, திரேசம்மா."

"அரிக்காத மாதிரி நான் ஒரு வேலை பாத்துத் தாறன்."

பார்த்தும் கொடுத்தா. அதுவும் எங்கே? ஐயோ, அதைத்தான் ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது! எருக்கலம்பிட்டிக்குத் திரும்புகிற சந்திக்குக் கிட்ட சாஹுல் ஹமீட் ஹாஜியார் வாகனங்களுக்குக் காஸ் அடிக்கிற செட் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி உம்மு ஸல்மா வருசக் கணக்காகத் திரேசம்மாவிடம் கருவாடு வாங்குகிற ஆள். கருவாட்டோடு கதையும் போனது, கதையோடு எட்வேட்டுக்கு வேலையும் வந்தது. பாதுகாப்பு மேற்பார்வையாளர்!

"வெடிக்காரனையோ காஸ் செட்டுக்குப் போட்டிருக்கிறியள், ஹாஜியார்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஹாஜியார் அசையவில்லை. "நெருப்பிட்டை அடி வாங்கின ஆள்தான் எனக்கு வேணும். வாங்காதவன் சிகரெட்டோடை வந்து நிப்பான்." ஆனால் எட்வேட்டைத் தனியாகக் கூப்பிட்டு வேறு கதை சொன்னார். "எட்வேட்டண்ணே, திறப்பு விழாவுக்குக் கொழும்பில இருந்து கொம்பனி ஆள் வருவார். அவர் பாத்துச் சரியெண்டால்தான் அனுமதி. ஒரு பிழை பிடிச்சாரெண்டால் முதல்ல வீட்டுக்குப் போறது நீங்கதான்."

வீட்டுக்குப் போனால் அங்கே திரேசம்மா இருக்கவேண்டுமே! எட்வேட்டுக்கு அதுதான் விளங்கியது.

கொழும்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு மஞ்சள் தொப்பியோடு திரும்பி வந்த எட்வேட் பழைய எட்வேட் இல்லை. செட்டைச் சுற்றி நிலத்தில் மஞ்சள் கோடு ஒன்று போட்டார். கோட்டுக்குள் வருகிற வாகனம் எஞ்சினை நிற்பாட்டவேண்டும். எல்லாரும் இறங்கவேண்டும். ஃபோனை நிற்பாட்டவேண்டும். நெருப்பு என்ற சொல்லைக்கூட மெல்லமாகத்தான் சொல்லவேண்டும். "கோட்டுக்கு வெளியில நீங்கள் என்னவும் செய்யுங்கோ, ஆடுங்கோ, பாடுங்கோ, தலைகீழா நில்லுங்கோ. உள்ளுக்கை நான் சொல்லுறதுதான் சட்டம்!" இதை அவர் சொல்லாத நாள் இல்லை. வீட்டிலும் சொன்னார். திரேசம்மாவுக்குப் பாடமாகிவிட்டது.

வீட்டு அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. சவர்க்காரத்தைக் கரைத்து நுரையாக்கி, சிலிண்டர் மூட்டில் பூசி, குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் நிலத்தோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் கிடக்கும், மூக்குக்குத் தெரிய முதல் காலுக்குத் தெரியவேண்டும் என்று விளக்கம் வேறு. தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிறதென்றாலும் திரேசம்மா முற்றத்தில் போய் நிற்கவேண்டும். "என்ரை குசினிக்குள்ள நான் போக உங்கடை அனுமதி வேணுமோ?" என்று அவ கேட்டா. வேணும் என்றார் மனுசன்!

காஸ் வர முதலே ஒத்திகை தொடங்கிவிட்டது. ஓட்டோக்காரர் சங்கத்துக்குத் தலைவர் றுஸ்தி. வாயாடி, ஆனால் நல்ல பெடியன். அவன்தான் முதலில் அகப்பட்டான். ஒருநாள் ஓட்டோவில் ஒரு மாமியை ஏற்றிக்கொண்டு, பழகிப் பார்ப்போம் என்று உள்ளே வந்தான். மாமியின் மடியில் உயிர் நண்டு ஒரு பை.

"இறங்குங்கோ அம்மா, இறங்குங்கோ."

"நான் ஏன் மகன் இறங்க? நான் காஸ் அடிக்க வரேல்லையே."

"அண்ணே, காஸே இன்னும் வரேல்லை!" என்றான் றுஸ்தி.

"காஸ் வந்த பிறகு பழகினால் பிந்திப்போகும். அம்மா, நண்டையும் கொண்டு இறங்குங்கோ."

இறங்குகிற அவசரத்தில் பை அவிழ்ந்து நண்டெல்லாம் புதுச் சீமெந்துத் தரையில் நாலு பக்கமும் ஓட்டம். றுஸ்தி குனிந்து குனிந்து பிடிக்க, எட்வேட் விசில் ஊதிக்கொண்டு, "கோட்டுக்குள்ளை ஓடாதேங்கோ, நடவுங்கோ!" என்று நண்டையும் சேர்த்து அதட்டினார்.

மனுசருக்கு விளங்கின சட்டம் கழுதைகளுக்கு விளங்கவில்லை. மன்னாரில் கழுதைக்கு எங்கேயும் போகலாம் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல. ஆபத்து வந்தால் எல்லாரும் ஓடிப்போய் நிற்கிறதற்கென்று வேப்பமரத்தடியில் 'கூடும் இடம்' என்று பச்சைப் பலகை ஒன்று நட்டிருந்தார் எட்வேட். அந்த வளவுக்குள் நிழல் அங்கே மட்டும்தான். விடிந்தால் பொழுதுபடும் வரை மூன்று கழுதைகள் அதற்குக் கீழே. கலைத்துக் கலைத்து அலுத்துப்போய், கடைசியில் அவற்றையும் ஆளணியில் சேர்த்துக்கொண்டார்.

திறப்பு விழா கிட்டவந்தது. சனியனும் கூடவே வந்தது. விழா என்றால் நம்முடைய நாட்டில் குத்துவிளக்கு ஏற்றவேண்டும். சுவாமியார் வந்தால் மெழுகுதிரி. மௌலவி துவா ஓத வந்தால் பக்கத்தில் ஒரு சாம்பிராணிச் சட்டி. எந்தச் சமயத்துக்காரர் ஆசீர்வதித்தாலும் நெருப்பு வேண்டிக்கிடக்கிறது! எட்வேட் மாட்டேன் என்று நின்றார்.

"விளக்கேத்தாமல் திறந்தால் சனம் என்னண்டு சொல்லும்?" என்றார் ஹாஜியார்.

"ஏத்தித் திறந்தால் சொல்லுறதுக்குச் சனம் இருக்காது, ஹாஜியார்."

மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெருவுக்கு அங்கால் தேத்தண்ணிக் கடை முன்னுக்குப் பந்தல். விளக்கு, மெழுகுதிரி, சாம்பிராணி எல்லாம் அங்கே. ஏற்றி முடிந்ததும் அணைத்துவிட்டு, தெருவைக் கடந்து இங்கால் வந்து நாடா வெட்டுகிறது. உம்மு ஸல்மா தன் கையால் செய்த ரோஸ் நிறப் பலூடாப் பானத்தையும் அங்கேயே ஒரு பெரிய சட்டியில் வைக்கச் சொன்னா.

விழா நாள். சோளகக் காற்று, கேட்கவேண்டுமா! தெருப் புழுதி எழும்பி வந்து செட்டுக்குள் அடிக்கிறது. கொம்பனி ஆள் அமிர்தநாயகம் சேர் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கி, விளக்கை ஏற்றினார். அணைந்தது. திரும்ப ஏற்றினார். திரும்ப அணைந்தது. ஹாஜியார் தன் தொப்பியால் மறைத்தார், சுவாமியார் அங்கியால் மறைத்தார், மௌலவி குடையை விரித்தார், குடை தலைகீழாய் மடங்கிப் போனது. ஒரு நெருப்புப்பெட்டி முடிந்தும் ஒரு திரி பற்றவில்லை. எட்வேட் மஞ்சள் கோட்டில் காலை வைத்து நின்றுகொண்டு மனதுக்குள் லூசியா அம்மாவுக்கு நன்றி சொன்னார். "சரி சரி, ஏத்தின மாதிரித்தான்" என்று அமிர்தநாயகம் சேர் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

நாடா வெட்டியாயிற்று. முதல் வாகனம் றுஸ்தியின் ஓட்டோ. பூமாலை போட்டுக் கோட்டுக்குள் வந்தது. எஞ்சின் நின்றது. றுஸ்தி பெண்வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மரியாதையாய் இறங்கி ஒதுங்கினான். ஹாஜியார் குழாயைப் பூட்டிக் கொடுக்க, அமிர்தநாயகம் சேர் பொத்தானை அமத்தினார். காஸ் ஓடத் தொடங்கியது. திரேசம்மா தெருவுக்கு அங்கால், பலூடாச் சட்டிக்குப் பக்கத்தில், உம்மு ஸல்மாவோடு நின்று புருசனைப் பார்த்துச் சிரித்தா. எட்வேட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்போதுதான் மணந்தது.

காஸ் மணம் இல்லை. காஸ் மணத்துக்கு அவர் பழகியிருந்தார். இது அவருடைய சொந்த மணம், அவருடைய கையால் உருட்டின திரி எரிகிற மணம். நிமிர்ந்து பார்த்தார். தேத்தண்ணிக் கடைப் பந்தல் காலில் ஒரு நீளமான சீனவெடி மாலை தொங்குகிறது. கடை அடுப்பில் எடுத்த கொள்ளியால் அதன் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட்டோக்காரப் பெடியள் கையைத் தட்டுகிறார்கள். மாலையின் முடிச்சுகள் பச்சை நூல். மன்னாரில் பச்சை நூலால் வெடி கட்டுகிற ஆள் ஒரே ஆள்தான்.

கோட்டுக்கு வெளியிலேதான். ஆனால் சோளகம் அங்கிருந்து நேரே இங்கால் அடிக்கிறது. வெடிக்கிற ஒவ்வொரு கடதாசித் துண்டும் நெருப்போடு பறந்து வரப்போகிறது, ஓடுகிற காஸுக்கு மேலே.

எட்வேட்டின் வாய் தன்பாட்டில் விசுவாசப்பிரமாணத்தைத் தொடங்கியது.

உலகம் படைத்து முடிகிற இடத்தில் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். குழாய் பொக்கென்று நின்றது. அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. அமிர்தநாயகம் சேரின் கை அந்தரத்தில் நின்றது. "எட்வேட்டண்ணே!" என்று ஹாஜியார் அலறினார். கன்னிமரியாளில் எட்வேட் கோட்டைத் தாண்டினார். பிலாத்துவுக்கு நடுத்தெரு. ஒரு பஸ் பிறேக் அடித்தது, சாரதி ஏசின ஏச்சு அரைக் காதில் விழவில்லை. சிலுவையில் அறைகிற இடத்தில் மாலையைப் பிடித்து இழுத்தார். அறுந்து வந்தது. எங்கே போடுகிறது? மண்ணில் போட்டால் அணையாது. அவர் கட்டின திரி, மண்ணுக்கெல்லாம் அணையாது! தண்ணீர் வேண்டும். சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்று.

உயிர்த்தெழுகிறதுக்குக் கொஞ்சம் முதல், வெடி மாலை முழுக்கப் பலூடாச் சட்டிக்குள் போனது. மாலையோடு எட்வேட்டின் கையும் முழங்கை வரைக்கும் போனது. உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ரோஸ் நிறத்தில் கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

"என்ரை பலூடா!" என்றா உம்மு ஸல்மா.

சங்கு நின்றது. சட்டியில் சிவப்புக் கடதாசி மிதந்தது. கசகசா என்று நினைத்து இரண்டு பேர் கோப்பையோடு கிட்ட வந்து திரும்பிப் போனார்கள். ஹாஜியார் தெருவைக் கடந்து வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. "விழாவைக் குழப்பிப்போட்டியள் அண்ணே. தொப்பியைக் கழட்டித் தாங்க."

எட்வேட் கழற்றினார். பலூடா வடிகிற கையால்தான் கழற்றினார். வேலை போய்விட்டது. அவர் ஹாஜியாரைப் பார்க்கவில்லை, திரேசம்மாவைத்தான் பார்த்தார். வெள்ளாங்குளம் பஸ் எத்தனை மணிக்கு என்று அவ யோசிக்கிறாவோ என்று பார்த்தார்.

திரேசம்மா ஏதோ சொன்னா.

"என்ன?" என்றார், காதைத் திருப்பி.

"நான்தான் குடுத்தனான்!" இந்த முறை எருக்கலம்பிட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "நான்தான் றுஸ்தியிட்டைக் குடுத்தனான்! கோட்டுக்கு வெளியில என்னவும் செய்யலாமெண்டு நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் ஓதினனீங்கள்! வீட்டில கிடக்கிற கடைசி வெடி, வெளியில போய் வெடிச்சு முடியட்டும், அதோடை சனியன் துலையட்டும் எண்டுதான் குடுத்தனான்!"

"கடைசி வெடியோ? எங்கை கிடந்தது?" என்றார் ஹாஜியார்.

"இவரின்ரை கட்டிலுக்குக் கீழை! பழைய அரிசித் தகரத்துக்குள்ளை! ஒண்டும் இல்லையெண்டு மாதாவிலை சத்தியம் பண்ணினவர்!"

எட்வேட் நிலத்தைப் பார்த்தார். "அது... ஒரு ஞாபகத்துக்கு..." என்றார். சுவாமியார் வானத்தைப் பார்த்தார்.

அமிர்தநாயகம் சேர் மெல்ல வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஈரத் திரியின் மிச்சத்தை இரண்டு விரலால் தூக்கினார். "திரி பத்தினாப் பிறகு வெடிக்க எவ்வளவு நேரம் இருந்தது?"

"ஒரு விசுவாசப்பிரமாணம், சேர்."

அமிர்தநாயகம் சேருக்கு நெற்றி சுருங்கியது. பிறகு செபம் சொல்லுகிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது. கனநேரம் அசைந்தது. கடைசியில் தலையாட்டினார். "ஓடிப்போய் அணைக்கக் காணும்" என்றார். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஒத்திகை வைக்கத்தான் இருந்தனான். எனக்கு வேலையில்லாமல் போச்சு. பொத்தான் வேலை செய்யுது, குழாய் நிண்டது, சங்கு ஊதினது. காத்துப் பக்கம் பாத்த ஒரே ஆள் இவர்தான், நானும் பாக்கேல்லை. ஆனால் ஒரு பெரிய பிழை இருக்கு."

எட்வேட் பலூடாக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"சங்கு ஊதினால் எல்லாரும் எங்கை போகவேணும்? ஹாஜியார் தெருவில. ஓட்டோக்காரர் கடைக்குள்ளை. நான் ஓட்டோவுக்குப் பின்னாலை. அங்கை பாருங்கோ."

எல்லாரும் பார்த்தார்கள். 'கூடும் இடம்' பலகைக்குக் கீழே மூன்று கழுதைகள் காதை நிமிர்த்திக்கொண்டு வரிசையாய் நின்றன.

"அவைக்கு மட்டும்தான் பழக்கினது வடிவா ஏறியிருக்கு. மற்றாக்களுக்கும் இவரைக் கொண்டு பழக்குங்கோ. அனுமதியில கையெழுத்து வைக்கிறன்."

ஹாஜியார் தன் சாரத் தலைப்பால் தொப்பியைத் துடைத்து எட்வேட்டின் தலையில் வைத்தார். "போட்டுக்கொள்ளுங்க. புருசனும் பெண்சாதியும் மிச்சச் சண்டையைக் கோட்டுக்கு வெளியில நிண்டு பிடியுங்க. ஸல்மாவிட்டை நீங்களே போய்க் கதையுங்க, அதுக்கு நான் வரமாட்டன்." உம்மு ஸல்மா அந்தச் சட்டியைத் திரேசம்மாவின் கையில் கொடுத்து, "அக்கா, கழுவித் தாங்க, அடுத்த கிழமைக்கு நல்ல பாரைக் கருவாடும் தாங்க, சரியாப் போகும்" என்றா.

அன்றையில் இருந்து மத்தியானச் சோறு கொண்டு வருகிற திரேசம்மாவுக்கு மஞ்சள் கோட்டைத் தாண்ட அனுமதி இல்லை. நெருப்புக் கொண்டுவந்த ஆள்! வெளியே நின்று, "இஞ்சேருங்கோ!" என்று கூப்பிடுவா. எட்வேட் கோட்டைக் கடந்து வந்து, வேப்பமரத்துக்குப் போய், கழுதைகளுக்கு நடுவில் இருந்து சாப்பிடுவார்.

மார்கழியும் வந்தது, லூசியா அம்மாவின் பெருநாளும் வந்தது. இந்த முறை வாணம் கொளுத்த வேறிடத்தில் இருந்து ஒரு ஆளைப் பிடித்திருந்தார்கள். எட்வேட் சும்மா இருப்பாரா? பின்னேரமே வந்து கோயில் முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு கீறி, சனத்தைப் பின்னுக்குத் தள்ளி, காற்றுப் பார்த்து, மணல் வாளி வைத்து, பிறகுதான் வந்து திரேசம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். பெருநாளுக்கு அவர் பெண்சாதிக்குப் பக்கத்தில் இருக்கிறது இதுதான் முதல் தரம். கையை எங்கே வைக்கிறதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார்.

திரி பற்றியது. சனம் வழக்கம்போல விசுவாசப்பிரமாணத்தைத் தொடங்கியது. கடையில் வாங்கின வாணத்துக்கு அதற்கெல்லாம் பொறுமை எங்கே? பிலாத்துவுக்குப் போக முதலே கிளம்பிவிட்டது. "சீ, இதெல்லாம் ஒரு திரியே!" என்றார் எட்வேட். அது மேலே போய்ச் சிவப்பாய் விரிந்தது.

திரேசம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தா. செபமாலை மடியில் சும்மா கிடந்தது.

"இஞ்சேருங்கோ, இது இவ்வளவு வடிவே!"

"இவ்வளவு காலமும் பாத்தனீதானே?"

"எங்கை பாத்தனான்? நீங்கள் திரியில கை வைச்சால் மூடின கண், கடைசி வெடி முடிஞ்சு உங்கடை சத்தம் கேட்டாப் பிறகுதானே திறப்பன். ஒண்டையும் பாக்கேல்லை."

எட்வேட் அவ பக்கம் முழுதாகத் திரும்பினார். "பச்சையையும் பாக்கேல்லையோ?"

"எந்தப் பச்சை?"

அடுத்த வாணம் போனதை மனுசன் பார்க்கவில்லை, கதிரையையும் அவ பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். கலியாணத்தன்று அவ உடுத்தியிருந்த பச்சைச் சேலை, அந்த நிறம் வருவதற்காக எத்தனை தரம் மருந்தைப் பிழையாய்க் கலந்தது, முதல் வருசம் அது நீலமாய்ப் போனது, இரண்டாம் வருசம் புருவம் போனது, மூன்றாம் வருசம் அச்சொட்டாய் அந்தப் பச்சை வானத்தில் விரிந்தபோது அவர் திரும்பிச் சுவரோரம் பார்த்தது, எல்லாவற்றையும். அரைக் காதுக்காரருக்கு மெல்லமாய்ச் சொல்லத் தெரியாது. பள்ளிமுனைச் சனம் முழுக்க வாணத்தை விட்டுவிட்டு அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டு நின்றது.

திரேசம்மா அழுதா, சிரித்தா, அவருடைய தோளில் ஒரு அடியும் போட்டா. "சத்தம் போடாமல் சொல்லுங்கோவன்" என்றா. "திருப்பி முதல்ல இருந்து சொல்லுங்கோ."